பிரிக்காத பெட்டி

ஜெபத்துக்குக் கிங்ஸ்டன் முழங்கால் போட்டபோது டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எலும்புச் சத்தமில்லை, பிளாஸ்டிக் சத்தம்.

ஜெபசுதா கண்ணைத் திறந்து பார்த்தாள். கல்யாணமான நாள்முதல் அவள் ஜெபத்தை முடிக்குமுன்பே "ஆமென்" என்று முந்திக்கொள்கிற மனுஷன் அவள் கணவர்; பசி அவசரம். இன்றோ கடைசிவரை காத்திருந்து, அவளோடு சேர்ந்து ஒழுங்காகச் சொன்னார். அதுதான் அவளை உறுத்தியது.

வெளியே விடாத மழை. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதிக்கொண்டே இருந்தது. கரண்ட் போய், இன்வெர்ட்டரின் மங்கல் வெளிச்சத்தில் ஹாலின் கண்ணாடி அலமாரி பளபளத்தது. உள்ளே வரிசையாக மேஜர் டைகர் என்ற ராணுவவீரன் பொம்மைகள். கப்பல்வேலை பார்த்த மாமனார் ஏசுவடியான் எழுபதுகளில் வாங்கிவந்ததுதான் முதல் பொம்மை. ஓரடி உயரம், கழற்றி மாட்டத் துணிச்சட்டை, மடங்காத கை. எண்பதுகளில் அவன் விரலளவாகச் சுருங்கினான், முழங்கை மடங்கியது, சட்டை வெறும் பெயின்ட் ஆனது. தொண்ணூறுகளில் புஜம் புடைத்தது, துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்க விரல்கள் வந்தன. அப்புறம் கழுத்து திரும்பியது. இமை மூடித் திறந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் காபி ஆறும்வரை கிங்ஸ்டன் இதைத்தான் சொல்லுவார்.

"ஒவ்வொரு மாடல்லயும் முந்துனதோட குறைய சரிபண்ணியிருக்கான், பாத்துக்கிடுங்க. மூச்சு விடுதது ஒண்ணுதான் பாக்கி."

போன வாரம் புது மாடல் பார்சலில் வந்தது. "பெட்டியப் பிரிச்சா மதிப்பு போயிரும்ளா" என்று அப்படியே அலமாரியில் வைத்தார். அன்றிலிருந்து குழம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் அவர் முகம் சுளிக்கவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வருகிறவர் மேலே கிரீஸ் வாசமும் இல்லை, வேர்வையும் இல்லை. புதுப் பொம்மைப் பெட்டியைத் திறந்தால் வருகிற வாசம்.

"ஏங்க, உடம்புக்கு என்ன செய்யுது? எங்கிட்ட சொல்லுங்களேன்."

"நல்லாத்தான இருக்கேன், சுதா."

டக். கழுத்து அவள் பக்கம் திரும்பியது.

மழையில் நனைந்து வந்த தலையைத் துவட்டுகிற சாக்கில் அவர் மூக்கடியில் கையை வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள். காற்றே இல்லை.

ஐயோ, யாரைக் கூப்பிடுவாள்? என்னவென்று சொல்லுவாள்? "இன்னொருக்கா ஜெபிப்போம்" என்றாள். பக்கத்தில் டக், டக்கென்று இரண்டு முழங்கால்கள் தரையில் இறங்கின.

"ஆண்டவரே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். என் புருஷன மட்டும் திருப்பித் தாரும். அவரு இல்லாம நான் எப்பிடி..."

"ஆமென்."

முந்திக்கொண்ட ஆமென். சின்னக் குரல். பக்கத்திலிருந்து வரவில்லை. அலமாரியிலிருந்து வந்தது.

ஓடினாள். கதவை இழுத்தாள். பழைய பொம்மைகள் சரிந்து உருண்டன. புதுப் பெட்டியின் கண்ணாடித்தாளில், உள்பக்கமாக, ஆவி படிந்திருந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

துடைத்துப் பார்த்தாள். ராணுவ உடுப்பு. மணிக்கட்டிலும் கழுத்திலும், பொம்மையை அட்டையோடு கட்டுகிற முறுக்குக் கம்பி. அவர் முகம். அவர் கண். கண்ணில் தண்ணீர்.

"இந்தா பிரிச்சிருதேன். இந்தா, ஒரு நிமிசம் பொறுத்துக்கிடுங்க..."

நகத்தால் கிழித்தாள். அட்டை வழுக்கியது. பல்லால் கடித்தாள். தாளின் ஓரம் விட்டது. கம்பியில் விரல் பட்டது.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. துப்பாக்கியைப் பிடிக்கிற பிடி. இந்தத் தடவை சத்தமே இல்லை.

"பிரிச்சா மதிப்பு போயிரும்ளா."

"விடு! செத்துருவாரு, விடு!"

கையை அசைக்க முடியவில்லை. தாளில் ஆவி சிறுத்தது. இன்னும் சிறுத்தது. அப்புறம் படியவில்லை.

அவள் காதோரம், முதல்முறையாக, சூடாக ஒரு மூச்சு வந்தது.