இசக்கித்தாய் கேட்ட பரிசு

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் தாமிரபரணியில் வெள்ளம் வந்து வடிந்தபோது, சேரன்மகாதேவியில் ஆற்றோரத்து வீடுகள் பலவற்றில் சுவர் மட்டும்தான் மிச்சம். சில வீடுகளில் அதுவும் இல்லை. வீடு இழந்தவர்கள் இரண்டு வாரம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அவர்கள் போன பிறகு பெஞ்சுகளைக் கழுவிக் காயவைத்து மறுபடி மணி அடித்தார்கள்.

மணி என்னவோ பழைய மணிதான். ஆனால் ஆறாம் வகுப்பில் யாரும் முன்போலச் சத்தம் போடவில்லை. சத்தம் போடாத ஆறாம் வகுப்பைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது. டீச்சருக்கும் பிடிக்கவில்லை.

டிசம்பர் பிறந்ததும் அந்தோணியம்மாள் டீச்சர் சாக்பீஸ் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார். வருஷாவருஷம் நடப்பதுதான். பெட்டிக்குள் எல்லார் பெயரும் சீட்டில் இருக்கும். யார் பெயர் வருகிறதோ அவர்தான் உங்கள் கிறிஸ்மஸ் தோழி, அல்லது தோழன். அவருக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும்.

“இந்த வருஷம் கடையில வாங்குன பரிசு வேண்டாம்” என்றார் டீச்சர். “நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் வீட்டுல ஒண்ணும் மிச்சமில்ல. அதனால எல்லாரும் கையால செஞ்சதைத்தான் குடுக்கணும். சீட்டு வெள்ளிக்கிழமை எடுப்போம். திங்கட்கிழமை பரிசு.”

விஜயஸ்ரீக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அவளுக்கு ஒரு வேலை நன்றாக வரும். காய்ந்து விழுந்த தென்னம்பாளையில் ஓடம் செய்வாள். பாளையின் வடிவமே பாதி ஓடம்தான். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். சீட்டு எடுப்பதற்கு முன்பே ஓடம் தயார். துடுப்பு, பாய்மரம், சிவப்பு ரிப்பனில் கொடி எல்லாம் வைத்து, போன தீபாவளிக்கு வாங்கிய சாயத்தில் ஓரங்களுக்கு நீலம் அடித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் எடுத்த சீட்டில் ‘இசக்கித்தாய்’ என்று இருந்தது.

இசக்கித்தாயின் அப்பா வாழைத்தோப்பில் தார் சுமக்கிறவர். வெள்ளம் ஏறிய அன்று காலையில், தோப்பில் கட்டிக் கிடந்த இரண்டு மாடுகளை அவிழ்த்துவிடப் போனார். மாடுகள் கரையேறி வந்துவிட்டன. அவர் வரவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். பிள்ளைகளைப் பார்க்க விடவில்லை. அதன் பிறகு இசக்கித்தாய் பள்ளிக்கு வருவாள், கடைசி பெஞ்சில் உட்காருவாள், மணி அடித்ததும் போவாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இதெல்லாம் ஊருக்கே தெரியும். விஜயஸ்ரீக்கும் தெரியும். ஆனால் அந்த ஓடத்தைக் கையில் எடுத்தபோது அவள் புத்தியில் ஓடத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. நம்மில் எத்தனை பேர் அப்படி இல்லை?

திங்கட்கிழமை வகுப்பு கொஞ்சம் பழைய வகுப்பாக மாறியது. கிறிஸ்டி சோப்பைச் செதுக்கி யானை செய்திருந்தாள். அதை வாங்கிய கோமதிசங்கர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எலி நல்லாருக்கு” என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. கிறிஸ்டிக்கு மூக்கு சிவந்துவிட்டது.

அப்புறம் விஜயஸ்ரீயின் முறை. அவள் துணியை விலக்கியதும், “ஏயப்பா!” என்று நாலைந்து பேர் எழுந்தே நின்றார்கள். கைதட்டல் வேறு. அவள் நிமிர்ந்து நடந்து போய், கடைசி பெஞ்சில் ஓடத்தை வைத்தாள்.

இசக்கித்தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“இது மிதக்குமா?”

மூன்று வாரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை. விஜயஸ்ரீக்குப் பெருமை பிடிபடவில்லை.

“நல்லா மிதக்கும்! ஆத்துல விட்டுப் பாரு. எவ்வளவு தண்ணி வந்தாலும் கவுறவே கவுறாது.”

சொல்லி முடித்தபோதே வகுப்பில் கைதட்டல் நின்றுவிட்டது. இசக்கித்தாய் ஓடத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். யாரையும் கேட்காமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

டீச்சர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை. விஜயஸ்ரீ வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். நடந்ததை அம்மா சொர்ணாம்பாளிடம் சொல்லி அழுதாள்.

“அழாத. சனிக்கிழமை டவுனுக்குப் போறோம்லா, நல்ல பொம்மையா ஒண்ணு வாங்கித் தாரேன். கொண்டுபோய்க் குடுத்துரு” என்றாள் அம்மா.

அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. ஆனால் இன்னொரு முறை தப்பாகிவிட்டால்? அந்தப் பொம்மையின் சட்டையில் கப்பல் படம் இருந்தால்? விஜயஸ்ரீக்குப் பயமாக இருந்தது. அவள் டவுனுக்குப் போகவில்லை. சனிக்கிழமை காலையில் வெறும் கையோடு இசக்கித்தாயைத் தேடிப் போனாள். தோளில் பள்ளிக்கூடப் பை மட்டும் இருந்தது, அதுவும் பழக்கதோஷம்.

ஓடாமல் கிடந்த ஓர் அரிசி ஆலையின் கிடங்கில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தன. நடுவில் கயிறு கட்டி, சேலையைத் தொங்கவிட்டு, இது உன் வீடு இது என் வீடு என்று பிரித்திருந்தார்கள். இசக்கித்தாய் வெளியே அடிகுழாய்ப் பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். விஜயஸ்ரீயைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

“நான் யோசிக்காமச் செஞ்சுட்டேன், இசக்கி” என்றாள் விஜயஸ்ரீ. “வேணும்னு செய்யல.”

“தெரியும்.”

“உனக்கு என்ன வேணும்னு சொல்லு. அதைச் செஞ்சு தாரேன். இந்தத் தடவை கேட்டுக்கிட்டுத்தான் செய்வேன்.”

இசக்கித்தாய் சாம்பல் கையோடு நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்தது.

“எங்க அப்பா போட்டோ வேணும். செஞ்சு தருவியா?”

விஜயஸ்ரீ இன்னும் கிட்டே போய் நின்றாள்.

“கல்யாணப் போட்டோ ஒண்ணுதான் இருந்துது. வீட்டோட போயிட்டு” என்றாள் இசக்கித்தாய். கோபம் போய், குரல் தணிந்துவிட்டது. “முதல்ல கண்ண மூடுனா அப்பா முகம் அப்படியே வரும். இப்ப வர மாட்டேங்கு, விஜி. முந்தாநாள் மூக்கு வரல. இன்னைக்குக் காது வரல. எனக்கு எங்க அப்பா முகம் மறந்துட்டு வருது. அம்மாட்ட சொல்லவும் பயமா இருக்கு.”

அவள் அழவில்லை. ஒரு சட்டியை எடுத்து, ஏற்கெனவே விளக்கிய இடத்தையே மறுபடி விளக்கினாள்.

விஜயஸ்ரீக்கு ஓவியம் சுமாருக்கும் கீழே. அவள் வரைந்த பசுவை டீச்சர் நாற்காலி என்று நினைத்ததுண்டு. இருந்தாலும் பையைத் திறந்து, நோட்டையும் பென்சிலையும் எடுத்து, குழாயடியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ சொல்லு. நான் வரையுதேன்.”

இசக்கித்தாய் சொன்னாள். விஜயஸ்ரீ வரைந்தாள். வட்டமாக ஒரு முகம், பெரிய மீசை, நேர்வகிடு. திருப்பிக் காட்டினாள்.

“இது எங்க அப்பா இல்ல. தபால்காரரு” என்றாள் இசக்கித்தாய்.

அழித்தாள். மறுபடி வரைந்தாள். இந்த முறை தபால்காரரின் தம்பி வந்தார். இன்னொரு முறை வரைந்தபோது தாள் கிழிந்தே போனது. இசக்கித்தாய் விளக்கிய பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

“விடு, விஜி. வராது.”

அந்த நேரத்தில் கிடங்குக்குள்ளிருந்து அவள் அம்மாவின் குரல் கேட்டது. மூன்று வயதுத் தம்பி பேச்சிமுத்து மண்ணில் புரண்டு வந்திருந்தான். அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மா வெளியே வந்தாள்.

“மூக்கச் சிந்துலே! அப்பன் மூக்க அப்படியே வாங்கி வச்சிருக்க, அதைக் கழுவ மட்டும் தெரியல!”

சொல்லிவிட்டு அம்மா சட்டென்று நின்றாள். அவனைக் கழுவிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

விஜயஸ்ரீ பேச்சிமுத்துவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் சின்ன மேடு; நுனி கொஞ்சம் அகலம்.

“இசக்கி! மூக்கு எங்கயும் போகல. இவன்கிட்ட இருக்கு!”

“என்னட்டி சொல்லுத?”

“உனக்கு என்ன வந்துருக்கு? உங்க அப்பாட்ட இருந்து?”

இசக்கித்தாய் யோசித்தாள். கை தானாக நெற்றிக்குப் போனது. “நெத்தி. எல்லாரும் சொல்லுவாவ. காது சுடலைவடிவு அத்தைக்கும் அப்பாவுக்கும் ஒரே மாதிரி.”

பேச்சிமுத்து ஒரு நிமிஷம்கூடச் சும்மா நிற்கிற ஆள் இல்லை. நிவாரண ஜீப்பில் கொடுத்த பிளாஸ்டிக் வாத்தைக் கையில் கொடுத்து உட்காரவைத்தார்கள். அவன் மூக்கு புதுத் தாளில் இறங்கியது. அது சரியாக வந்ததைப் பார்த்து விஜயஸ்ரீக்கே ஆச்சரியம். அடுத்து இசக்கித்தாயின் நெற்றி, அதற்கு மேல் முன்பு வரைந்த அதே நேர்வகிடு. பிறகு இருவரும் இரண்டு தெரு தள்ளியிருந்த அத்தை வீட்டுக்கு நடந்தார்கள்.

சுடலைவடிவு அத்தை முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். காரியத்தைக் கேட்டதும் அவள் விரல்கள் நின்றன. முறத்தைத் தள்ளி வைத்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக் கட்டினாள்.

“எங்க வீட்டுல எல்லாருக்கும் காது விடைச்சு நிக்கும். அண்ணனை முயல்னு கேலி பண்ணுவேன்” என்றாள். “பைய வரை தாயி. நான் அசையல.”

சொன்னபடி அசையவில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிந்தபோதும் அதைத் துடைக்கக் கையைத் தூக்கவில்லை.

“கண்ணு?” என்று கேட்டாள் விஜயஸ்ரீ.

“அண்ணன் சிரிச்சா கண்ணே தெரியாது” என்றாள் அத்தை. இசக்கித்தாயும், “ஆமா, ஆமா!” என்றாள். சிரிக்கிற அப்பாவே போதும் என்று முடிவாயிற்று. கண்ணுக்கு இரண்டு வளைந்த கோடு போட்டாள் விஜயஸ்ரீ. பசுவை நாற்காலியாக்குகிறவளுக்கு அது பெரிய உதவி.

தாடையில்தான் மாட்டிக்கொண்டார்கள். அது யாருக்கும் வரவில்லை. அத்தைக்கு வேறு தாடை. பிள்ளைகளுக்கு அம்மாவின் தாடை. அத்தை எவ்வளவு யோசித்தும் சொல்லத் தெரியவில்லை.

இசக்கித்தாய் கண்ணை மூடினாள்.

“அப்பா தோள்ல தூக்கிட்டுப் போவாவ. விழாம இருக்க இங்கனதான் பிடிச்சுக்குவேன். குத்தும்.”

அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத ஒரு தாடையைப் பிடித்தாள். விரல்கள் வளைந்து அப்படியே நின்றன. விஜயஸ்ரீ கொஞ்சமும் தாமதிக்கவில்லை. அந்தக் கைகளுக்கு நடுவே இருந்த வடிவத்தைப் பார்த்துப் பார்த்து, அகலமும் சரிவும் பிசகாமல் தாளில் இறக்கினாள். மேலே சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தாள், குத்துகிற தாடி அது.

“பாரு” என்றாள்.

இசக்கித்தாய் கண்ணைத் திறந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விஜயஸ்ரீயின் தோளில் முகத்தை வைத்து, அத்தனை நாளுக்கும் சேர்த்து அழுதாள்.

கிடங்குக்குத் திரும்பியபோது அவள் அம்மா உலை வைத்துக்கொண்டிருந்தாள். படத்தை நீட்டினார்கள். சேலையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். உலை கொதித்து வழிந்து அடுப்பு புகைந்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. இசக்கித்தாய் பயந்துபோய் விஜயஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“முடி இப்படிப் படியாது தாயி” என்றாள் அம்மா கடைசியில். “எவ்வளவு எண்ணெய் வச்சாலும் அவியளுக்கு எந்திரிச்சுத்தான் நிக்கும்.”

விஜயஸ்ரீ அழிரப்பரை எடுத்தாள். நேர்வகிட்டை அழித்து, முடியை எழுப்பி நிற்கவைத்தாள்.

அம்மா வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டாள்.

எல்லாரும் கூடி எதையோ பார்க்கிறார்களே என்று பேச்சிமுத்து வாத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அம்மாவின் முழங்கைக்குக் கீழே தலையை நுழைத்து எட்டிப் பார்த்தான். படத்தில் இருந்த மூக்கைத் தொட்டான். தன் மூக்கைத் தொட்டான். அவனுக்குச் சந்தேகமே இல்லை.

“இது நானு!” என்றான்.

அம்மா அவனை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் அவளுக்கு ஒன்றாக வந்தன.

“ஆமாலே” என்றாள். “நீதான்.”