வாள்முகட்டில் ஒரு கயிறு

மேற்குத் திசையெங்கும் குருதி பூசியதுபோல் செவ்வொளி படர, நாள் முழுவதும் எரிந்து களைத்த கதிரவன் மலைத்தொடர்களுக்குப் பின்னே மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தான். இடப்புறத்துப் பள்ளத்தாக்கில் அடர்வனம் கருநீலக் கடலாகக் கிடந்தது. வலப்புறம், அதலபாதாளத்தில், காட்டாறு வெள்ளிச் சரடாய் நெளிந்தது. அதன் கரையில் பகைவரின் பாசறைத் தீக்கள் ஒவ்வொன்றாய்ப் பூத்துக்கொண்டிருந்தன. அன்பு வாசகர்களே, கழுத்தறுக்க வந்தவர்களின் சோற்று அடுப்புகள்கூட உயரத்திலிருந்து பார்க்கும்போது கார்த்திகைத் திருவிழாவைப் போலத்தான் தெரியும். தொலைவுக்கு அப்படியொரு கருணை உண்டு.

இவ்விரு பள்ளங்களுக்கும் நடுவே ஓடிய வாள்முகடு என்னும் ஒற்றைக் கற்பாதையின் தொடக்கத்தில் இருவர் நின்றிருந்தார்கள். ஒருவன் சமவெளி வேந்தனின் படைத்தலைவனான விடங்கன். மற்றவள் அவனுக்கு வழிகாட்ட முன்வந்த மலைமகள் கொற்றி. முகட்டின் மறுமுனையில், பகைவர் முற்றுகையில் சிக்கிய கருங்குன்றக் கோட்டை இருந்தது. நாளை விடியலில் சமாதானக் கொடியுடன் பகைவரின் தூதர் வருவார்கள். அது வெறும் சூழ்ச்சி; அவர்களுக்குக் கதவு திறந்தால் உள்ளே ஓர் உயிரும் மிஞ்சாது. அந்தச் செய்தியை விடங்கன் கொண்டுசெல்ல வேண்டும். கோட்டைத் தலைவர் அவனை முகமறிந்தவர். வேறு எவர் வந்து சொன்னாலும் நம்பமாட்டார்.

கொற்றி நார்க்கயிற்றின் ஒரு முனையைத் தன் இடையிலும் மறுமுனையை அவன் இடையிலும் இறுக்கிக் கட்டினாள்.

"பெண்ணே, நான் மதயானையை மறித்தவன். எனக்கு எதற்குக் கயிறு?"

"யானை வழியில் வந்தால் அவிழ்த்து விடுகிறேன். இப்போது கேளும். நீர் இடப்பக்கம் விழுந்தால் நான் வலப்பக்கம் குதிப்பேன். நான் வலப்பக்கம் விழுந்தால் நீர் இடப்பக்கம் குதிக்க வேண்டும்."

"குதிப்பதா! கால்களை ஊன்றி நின்று இழுத்துப் பிடிப்பதல்லவா வீரனுக்கு அழகு?"

"அப்படிப் பிடித்தவர்கள் எல்லாரும் கீழே இருக்கிறார்கள்" என்றாள் கொற்றி. "எங்கள் வழக்கம் இதுதான். கயிறு அவிழும்வரை இருவரும் ஓருயிர். அவிழ்ந்த பிறகு அவரவர் பாடு."

நடக்கத் தொடங்கினார்கள். பாதை சில இடங்களில் பாதத்தைவிடக் குறுகலாக இருந்தது. காற்று இருபுறமிருந்தும் மாறி மாறி அறைந்தது. விடங்கன் கீழே பார்ப்பதைத் தவிர்த்தான். ஆனால் சமவெளி வீரர்களுக்கு அச்சத்தை ஒப்புக்கொள்ளும் வழக்கம் இல்லை. அதற்குப் பதிலாகத் தங்கள் வெற்றிகளை உரக்கச் சொல்வார்கள். அரசர்களுக்கென்றால் அதைக் கல்லில் வெட்டிவைக்க ஆள் இருக்கிறது. படைத்தலைவர்கள் தம் வாயாலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

யானையை மறித்த கதையை முடித்தான். மூன்று பேரை ஒரே வீச்சில் சாய்த்த கதையும் முடிந்தது. கொற்றி முன்னே நடந்துகொண்டே இருந்தாள். பாதை மேலும் குறுகியது. விடங்கனின் குரல் மேலும் உயர்ந்தது.

"சென்ற ஆண்டு உங்கள் மலையருக்கும் எங்களுக்கும் பகை இருந்ததல்லவா? நல்லவேளை, இப்போது கூட்டாளிகளாகிவிட்டோம். அப்போது மூங்கில்துறையில் ஒரு மலை இளைஞன் தனியாக எங்களை மறித்தான். அம்புகள் தீர்ந்தன; கல்லை எடுத்து எறிந்தான். கற்களும் தீர்ந்தபோது சிரித்தான்! அத்தகைய வீரனுக்கு ஏற்ற முடிவை என் கையாலேயே கொடுத்தேன்."

கொற்றியின் நடை தயங்கவில்லை.

"சாகும்போது ஏதாவது சொன்னானா?"

"தண்ணீர் கேட்டான்."

"கொடுத்தீரா?"

காற்றுகூட ஒரு கணம் விடைக்காகக் காத்திருந்ததுபோல் அடங்கியது.

"துறையில் நின்றுகொண்டு தண்ணீர் இல்லையென்று சொல்ல முடியாதே, ஐயா."

"பின்னால் பகைவர்... அதாவது, உங்கள் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நேரமில்லை" என்றவன், அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்று எட்டி அடிவைத்தான். பாதத்தின் கீழிருந்த கல் பெயர்ந்தது.

இடப்புறத்து இருளுக்குள் விடங்கன் விழுந்தான்.

விழும்போது அவனுக்குத் தெரிந்தது இவ்வளவே: மேலே, கடைசிச் செவ்வொளியில், கொற்றி திரும்பி நின்று அவனைப் பார்த்தாள். அவள் கையில் கத்தி இருந்தது. கண்ணிமைக்கும் நேரம்தான், ஆயினும் ஒரு முழு வாழ்நாளை நினைத்துப்பார்க்க அது தாராளமாகப் போதும். பிறகு அவள் மறைந்தாள். கயிறு விண்ணென்று இறுகியது. விடங்கனின் மூச்சு நின்று, மீண்டும் வந்தது. அவள் மறுபுறத்துப் பாதாளத்தில் குதித்திருந்தாள்.

பாறையின் இருபுறமும் இருவரும் தொங்கினார்கள். ஒருவர் கனமே மற்றவரின் உயிராக இருந்தது. விரல்நுனிகள் கிழிய ஏறி வந்து முகட்டில் முகத்தோடு முகம் சந்தித்தபோது, நிலவு எழுந்திருந்தது. அவள் நெற்றியில் வழிந்த குருதியைத் துடைக்க அவன் கை நீட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கொற்றி, கத்தி எதற்கு?"

"நடவும்."

அதன்பின் விடங்கன் வாய் திறக்கவில்லை. தன் வாழ்வில் முதன்முறையாக அச்சத்தை அச்சமாகவே சுமந்து நடந்தான்.

கோட்டையின் பின்புறத்துச் சிறுகதவான திட்டிவாசலை அடைந்ததும் கொற்றி கயிற்றை அவிழ்த்தாள். முதலில் அவனுடையது, பிறகு தன்னுடையது. கத்தி மீண்டும் அவள் கைக்கு வந்தது.

"மூங்கில்துறையில் சிரித்தவனின் பெயர் எயினன். நான் அவன் தங்கை. உம்மை அடையாளம் தெரிந்துதான், வழிகாட்ட நானே வருகிறேன் என்றேன்."

விடங்கன் வாளின்மேல் கை வைக்கவில்லை.

"பின் ஏன் குதித்தாய்? கயிற்றை அறுத்திருக்கலாமே?"

"கயிறு கட்டியிருந்ததே" என்றாள், இதென்ன கேள்வி என்பதுபோல். "இப்போது அவிழ்ந்துவிட்டது. ஆனால் உள்ளே அடைக்கலம் புகுந்திருப்பவர்களில் பாதிப்பேர் என் உறவினர். உம் நாக்கு அவர்களுக்கு வேண்டும். அதனால்தான் இன்னும் நிற்கிறீர்."

விடங்கன் வாளை உருவி, அதன் தட்டையான புறத்தைத் தன் நெற்றியில் வைத்தான்.

"செய்தியைச் சொல்வேன். முற்றுகை நீங்கும்வரை இந்தக் கோட்டைக்காகப் போரிடுவேன். அதன்பின் பெருவாயில் அகலத் திறந்து கிடந்தாலும் அதன் வழியே போகமாட்டேன். இந்த வாசல் வழியாக இந்த முகட்டுக்கு, உன் கத்திக்கு முன்னால், தனியாக வருவேன். என் குலத்தின்மீதும் என் வேந்தன்மீதும் ஆணை."

உள்ளே தாழ் நீக்கும் ஒலி கேட்டது. காவலனின் தீப்பந்த ஒளி கதவிடுக்கில் கோடாக விழுந்தது. கொற்றி நிழலுக்குள் பின்வாங்கினாள்.

"நான் சொன்னது கேட்டதா, கொற்றி? நிச்சயமாக வருவேன்."

"தெரியும்" என்றது இருளிலிருந்து அவள் குரல். "வராத ஆளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்."