பல் டாக்டரின் கடல்தொட்டி

பல் டாக்டரிடம் யாரும் சிரித்துக்கொண்டே போவதில்லை. சித்தியின் பல் மருத்துவமனைக்கு வருகிறவர்களும் அப்படித்தான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்கள். வாசல் அறையில் இருக்கும் கடல்தொட்டியைப் பார்த்ததும் அந்தக் கை தானாகக் கீழே இறங்கிவிடும்.

அது உப்புத்தண்ணீர்த் தொட்டி. அதில் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒன்று இருந்தது. பெயர் பட்டைச்சட்டை. பாறையின் மேல் ஒரு பவளம். மாலையில் கோக்கிற சிவப்பு மணி என்று நினைத்துவிடாதீர்கள். இது உயிருள்ள பவளம். குட்டிக் குட்டி விரல்களை விரித்து, நாள் முழுக்கத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டே இருக்கும்.

தொட்டிக்குப் பொறுப்பு சுண்டெலி. சித்தியின் அக்கா மகள். முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் பெரியவை என்பதால் அந்தப் பட்டப்பெயர். பள்ளி விட்டால் நேரே இங்கே வருவாள். அம்மா வேலை முடிந்து வந்து கூட்டிப்போகும் வரை இங்கேதான்.

தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகிக் குறையும். சுண்டெலி நல்ல தண்ணீரை ஊற்றிக் கோடு வரை நிரப்புவாள். ஒருநாள்கூட மறந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அப்படி இருந்தும் பவளம் விரல்களை மடக்கிக்கொண்டது. முதலில் ஒரு ஓரம், பிறகு மொத்தமும். பட்டைச்சட்டை பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

"தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. தினமும் புதுத் தண்ணி ஊத்துறோம். இதுக்கு மேல என்னதான் செய்யறது?" என்றார் சித்தி. "என் கண்ணு முன்னாடி அது சாக வேண்டாம். சனிக்கிழமை மீன்கடைக்காரரை வரச் சொல்லியிருக்கேன். தொட்டியோட எடுத்துட்டுப் போகட்டும்."

"சித்தி!"

"எனக்கு மட்டும் ஆசையாடி?" என்றார் சித்தி. உடனே அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

சுண்டெலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்பக்கம் போனாள். அங்கே நர்ஸ் அக்கா, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கையே போச்சு! பாரு, உள்ள எப்படி வெள்ளையாப் படிஞ்சிருக்குன்னு."

"அதுல வெறும் தண்ணிதானே ஊத்துறீங்க?"

"வெறும் தண்ணிதான். ஆனா தண்ணி மட்டும் ஆவியாப் போயிடுது. அதுல கரைஞ்சிருந்தது எதுவும் போறதில்ல. எல்லாம் இங்கயே உட்கார்ந்துக்குது, வாடகைக்கு வந்தவங்க காலி பண்ண மாட்டேங்கிற மாதிரி!"

சுண்டெலி கெட்டிலை எட்டிப் பார்த்தாள். பிறகு கதவு வழியாக வாசல் அறைத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பட்டைச்சட்டை சாப்பிடுகிறது. கழிக்கிறது. அதெல்லாம் தண்ணீரில் கரைகிறது. ஆவியாகிப் போவதோ வெறும் தண்ணீர். அப்படியானால் அவள் இத்தனை நாளும் தண்ணீரை நிரப்பித்தான் இருக்கிறாள். மாற்றவே இல்லை!

ஓடிப்போய் மீன்கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"அட, அதேதான்!" என்றார் அவர். "அழுக்கு சேர்ந்துக்கிட்டே போகும். பவளத்துக்கு வேண்டிய சத்தும் தீர்ந்துடும். பழசை எடுத்துட்டு, புது உப்புத்தண்ணி விடணும்."

"இப்பவே எல்லாத்தையும் மாத்திடறேன்!"

"ஐயையோ, அந்த வேலை மட்டும் வேண்டாம்! ஒரேயடியா மாத்தினா தாங்காது. பத்துல ஒரு பங்கு போதும். ஆனா வாராவாரம் மாத்தணும்."

சித்தி உள்ளே ஒரு லாரி டிரைவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்டெலி கதவோரம் நின்றாள்.

"என் பல்லு பளிச்சுன்னுதானே டாக்டர் இருக்கு? தினமும் ரெண்டு வேளை எதுக்குத் தேய்க்கணும்?" என்று டிரைவர் கேட்டார்.

"பளிச்சுன்னு இருந்தா போதுமா? கண்ணுக்குத் தெரியாம சேர்றதுதான் பல்லைக் கெடுக்குது. வாய் கொப்பளிச்சா மட்டும் போயிடாது. நாள் தவறாம தேய்ங்க" என்றார் சித்தி.

"சித்தி, தொட்டியும் பளிச்சுன்னுதான் இருக்கு" என்றாள் சுண்டெலி. "நாம தினமும் அதுக்கு வாய் மட்டும்தான் கொப்பளிச்சு விடறோம்."

சித்தி திரும்பினார். சுண்டெலி கெட்டிலில் தொடங்கி மீன்கடைக்காரர் வரை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். டிரைவருக்குச் சிரிப்பு வந்து, வாயில் இருந்த பஞ்சு வெளியே விழுந்தது.

"சரியா மாட்டிக்கிட்டீங்க டாக்டர்!"

சித்தி கையுறையைக் கழற்றினார். பிறகு, "ராத்திரி பல்லுத் தேய்க்காம டிமிக்கி கொடுக்கிறியாமே, உங்க அம்மா சொன்னா. நீ தினமும் தேய். நான் வாராவாரம் தண்ணி மாத்தறேன். சம்மதமா?" என்றார்.

சுண்டெலி இதை எதிர்பார்க்கவில்லை. பட்டைச்சட்டைக்காகத் தலையாட்டினாள்.

சனிக்கிழமை மீன்கடைக்காரர் வந்தார். தொட்டியை எடுத்துப் போகவில்லை. கடல் உப்புப் பையையும் உப்பு பார்க்கும் கருவியையும் கொடுத்துவிட்டுப் போனார்.

உப்பைக் கரைத்து ஒரு நாள் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, உப்பும் சூடும் தொட்டியில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பார்த்தார்கள். பழைய தண்ணீரை வாளியில் இறக்க, சித்தி தொட்டியில் குழாயை விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். கொஞ்சம் அதிகமாகவே உறிஞ்சிவிட்டார்.

"தூ! தூ!"

"வாயைக் கொப்பளிச்சுத் துப்புங்க" என்றாள் சுண்டெலி, சித்தியின் குரலிலேயே.

மறுநாள் பவளம் அப்படியேதான் இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. சுண்டெலி, வந்த கோபத்தில் பவளத்துடன் பேசுவதையே நிறுத்திவிட்டாள். பவளம் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனாலும் இரவில் பல் தேய்த்தாள். பேச்சு பேச்சுதானே?

மறு வாரம் மாற்றினார்கள். அதற்கடுத்த வாரமும் மாற்றினார்கள். ஒரு மாலை பள்ளிப் பையோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஓரத்தில் ஒரு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. பட்டைச்சட்டை பாறையைவிட்டு வெளியே வந்து சுற்றிக்கொண்டிருந்தது. சுண்டெலி போட்ட கூச்சலில், காத்திருந்த ஒருவருக்குப் பல்வலியே மறந்துபோனது.

சில வாரங்களில் பவளம் முழுதாக விரிந்துவிட்டது.

விடுமுறை வந்தது. சுண்டெலி, மருத்துவமனையின் மாடியில் இருக்கும் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சித்தி சோபாவில் சாய்ந்துகொண்டு கொட்டாவி விட்டார்.

"அதான் நல்லா விரிஞ்சிடுச்சே. இந்த வாரம் தண்ணி மாத்தறதை விட்டுடலாமா?"

குளியலறையிலிருந்து சுண்டெலி எட்டிப் பார்த்தாள். கையில் பிரஷ், வாய் நிறைய நுரை.

"என் பல்லும் நல்லாத்தான் இருக்கு. நானும் இந்த வாரம் விட்டுடட்டுமா சித்தி?"

சித்தி அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து வாளியைத் தேடப் போனார்.