பக்கெட்டில் நான்கு மீன்கள்

அன்று காலை லேசர் மெஷின் பலகையை வெட்டவில்லை. கீறியது. அவ்வளவுதான்.

மேரி அந்த அக்ரிலிக் பலகையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மேலே ஒரு கோடு. பின்பக்கம் ஒன்றுமே இல்லை. இரண்டு வாரமாகவே மெஷினின் வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். இனிக் குறைக்க இடமில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். அதுதான் மேரியின் கடை. பெயர்ப் பலகை, கதவு எண், சாவிக்கொத்து எல்லாம் வெட்டித் தருவாள். மெஷின் பழையது. யாரோ ஓட்டித் தேய்த்து விற்றது.

"டியூபு போச்சு. உள்ள கேஸு தீந்துடுச்சி போல" என்றாள் மேரி. "புதுசு போட நம்மால ஆவாது."

"அப்போ?" என்றாள் ஷைனி. மேரியின் மகள், ஆறாம் வகுப்பு. சனிக்கிழமை என்பதால் கடையில் இருந்தாள்.

"அப்போ இன்னா? திங்கக்கெழம பழைய கம்பெனிக்கே போயி நைட் ஷிப்டு கேக்க வேண்டியதுதான்."

ஷைனிக்கு நைட் ஷிப்ட் என்றால் என்னவென்று தெரியும். அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா தூங்க வருவாள். அவள் படுக்கும் முன்பே அம்மா பஸ் பிடிக்கப் போய்விடுவாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசிக்கொண்டார்கள்.

வாசலில் பைக் நின்றது. பரசுராமன் இறங்கினார். தொழிலாளர்களுக்காகப் புதிதாக விடுதி கட்டியவர்.

"கதவு நம்பரு நாப்பதும் ரெடியாம்மா? எல்லாக் கதவும் ஒரே மாதிரி கீது. நேத்து ஒருத்தன் ரூம் மாறிப் படுத்துட்டான். காலைல அடுத்தவன் பேன்ட்டப் போட்டுக்கினு டூட்டிக்கே போயிட்டான்."

"மெஷினு பேஜாரு பண்ணுதுண்ணா."

"அஞ்சு மணி வரைக்கும் பாக்கறேன். இல்லன்னா மெட்ராஸ்ல குடுத்துடுவேன்."

அவர் போனதும் மேரி பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினின் பின்மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு கை நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய். நடுவில் கேஸ், லேசர் ஒளி பிறப்பது அங்கேதான். அதைச் சுற்றி இன்னொரு கண்ணாடி அடுக்கு. அந்த அடுக்கில் பேட்டரி தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர், ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் சூடாகி ஒளி பலவீனமாகிவிடும். தரையில் இருக்கும் பக்கெட்டிலிருந்து ஒரு குட்டிப் பம்பு அந்தத் தண்ணீரை ஏற்றும்.

பளபளவென்று இருந்த குழாய் இப்போது வெள்ளை பூத்திருந்தது. நடுநடுவே பச்சை.

ஷைனி ஓரக்கண்ணால் பக்கெட்டைப் பார்த்தாள்.

சிக்குன்குனியா காய்ச்சல் வந்ததிலிருந்து அம்மாவால் முழங்காலை மடக்கிக் குனிய முடியவில்லை. இரண்டு மாதமாக அந்தப் பக்கெட் ஷைனியின் பொறுப்பு. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பேசாமல் இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்று அம்மாவே முடிவு கட்டிவிட்டாள். ஆனால் திங்கட்கிழமை அம்மா கிளம்பிவிடுவாள்.

"மா... கேஸு தீரல."

"நீ இன்னா, உள்ள பூந்து பாத்தியா?"

"பக்கெட்டுல மீனு கீது."

"இன்னாது?"

"மீனு. நாலு. கொசுப் புழுவத் துன்னும்னு சொல்லி ஹெல்த்துக்காரரு குடுத்தாரு."

"பேட்டரி தண்ணியில மீனு எப்பிடிடி உயிரோட கீது?"

"மூச்சு வாங்கிச்சும்மா. அதான் அத்தக் கீழ ஊத்திட்டு போர் தண்ணி ரொப்பிட்டேன். அப்பப்ப பொரி போட்டேன்."

மேரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பேட்டரி தண்ணீரில் உப்பு கிடையாது. அந்த ஊர் போர் தண்ணீரோ ஒருமுறை கொதித்தாலே பாத்திரத்தில் சுண்ணாம்பாகப் படியும்.

"மீனு வளக்கவா நான் மெஷினு வாங்கினேன்?"

"உன்ன மறுபடி கொசு கடிக்கக் கூடாதுன்னுதான்."

மேரி தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

ஷைனி குழாயை உற்றுப் பார்த்தாள். "அழுக்கு தண்ணி ஓடுற அடுக்குலதாம்மா கீது. என் ஸ்கூல் பாட்டில்லகூட இப்பிடித்தான் படியும்."

"அத்த எப்பிடிக் கழுவுவ?"

"அரிசி போட்டு குலுக்குவேன்."

"இதுல போட்டா அடைச்சிக்கும். அப்புறம் சாப்பாட்டுக் கடைதான் தொறக்கணும்."

ஷைனி யோசித்தாள். "எதிர் டீக்கடையில பாய்லர எலுமிச்சை உப்பு போட்டுக் கழுவுவாங்களே. அத்த பம்புல ஓட வுடலாமா?"

மேரி நிமிர்ந்தாள். "சுடுதண்ணி வேணாம். கண்ணாடி வெடிச்சிடும். வெதுவெதுன்னு போதும்."

மீன்கள் குண்டானுக்கு இடம் மாறின. பம்பின் வலையில் கீரை மசியல் போலப் பாசி அடைத்திருந்தது. ஷைனி பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாள். பிறகு எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, பம்பை மட்டும் ஓடவிட்டாள்.

பத்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் திடீரென்று பக்கெட்டுக்குள் வெள்ளைச் செதில்கள் கொட்டின. தண்ணீர் மஞ்சளாகி, பச்சையாகி நாறியது. கீழே ஊற்றினார்கள். மறுபடி கரைத்தார்கள். மூன்றாவது தடவை குழாய்க்கு அந்தப் பக்கம் இருந்த திருகாணி தெளிவாகத் தெரிந்தது.

ஷைனி சைக்கிளை எடுத்துக்கொண்டு பேட்டரி கடைக்கு ஓட்டினாள்.

"எந்த லாரிக்குப் பாப்பா?" என்றார் கடைக்காரர்.

"லாரி இல்லண்ணா. லேசரு."

"அது எத்தினி டயரு வண்டி?"

பேட்டரி தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு, மீதியை நிரப்பிப் பம்பை ஓட்டியபோது இன்னொரு தொல்லை. குழாயின் ஒரு முனையில் கொண்டைக்கடலை அளவுக்குக் காற்றுக் குமிழி ஒன்று நின்றுகொண்டு நகர மறுத்தது. அந்த இடத்தில் தண்ணீர் படாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். மேரி பம்பை நிறுத்தி ஓட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"காத்து மேலதானம்மா போவும்?" என்றாள் ஷைனி. "தண்ணி வெளிய வர்ற பக்கத்தத் தூக்குனா?"

இருவரும் மூச்சைப் பிடித்து மெஷினின் அந்த ஓரத்தைத் தூக்கினார்கள். ஷைனி காலாலேயே ஒரு செங்கல்லை அடியில் தள்ளினாள். குமிழி மெதுவாக வழுக்கிப் போய் ரப்பர் குழாய்க்குள் நுழைந்தது. பக்கெட் ஒரு ஏப்பம் விட்டது.

செங்கல்லை எடுத்துவிட்டு மூடியை மூடி, மேரி பட்டனை அழுத்தினாள். அக்ரிலிக் தீயும் வாசனை வந்தது. 'டிக்' என்று ஒரு பலகை தனியாகக் கழன்று விழுந்தது. அதில் எண் ஒன்று.

ஐந்து மணிக்குப் பரசுராமன் வந்தபோது முப்பத்துமூன்று முடிந்திருந்தது.

"ஏழு கொறையுதே" என்று முறைத்தார். ஆனால் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பலகைகளின் மேல் ஒட்டியிருந்த பேப்பரை உரிக்க ஆரம்பித்தார். நாற்பதும் முடிந்தபோது, "மாடிக்கும் வேணும்மா. திங்கக்கெழம வந்தா கடை தொறந்திருக்குமா?" என்றார்.

"வாங்கண்ணா. இங்கதான் இருப்பேன்" என்றாள் மேரி.

அவர் போன பிறகும் மெஷின் ஓடியது. மேரி ஒரு துண்டுப் பலகையில் எதையோ வெட்டி, பக்கெட்டுக்கு வாங்கிய புது மூடியின் மேல் ஒட்டச் சொல்லி ஷைனியிடம் நீட்டினாள்.

ஷைனி வாசித்தாள். 'இதில் மீன் விடாதே, ஷைனி.'

"என் பேர வேற போட்டுக்கீற!"

"வேற யாரு வுடுவாங்க?"

ஷைனி பலகையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு பிசிறுகூட இல்லை.