மலிவுப் பெட்டியின் அடி

அந்த விலைக்கு அப்படியொரு அடி கேட்கக் கூடாது.

பாலன் ரீவிக்குக் கீழே நீட்டி வைத்திருந்த சவுண்ட்பாரையும், ஹோல் மூலையில் குந்தியிருந்த அதன் வூபர் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். ஊர் பேர் தெரியாத கொம்பனியின் சாமான். மனைவி ஜெயரூபியின் தம்பி சுமன் விசுவமடுச் சந்தியில் கடை திறக்கப் போகிறான். இரண்டு செட்டைக் கொண்டுவந்து இறக்கி, எது கொடுக்கிற காசுக்குப் பெறுமதி, எதன் சத்தம் திறம் என்று இன்றைக்குள் சொல்லும்படி அத்தானிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தான். பாலன் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன். அவன் வாய் பொய் சொன்னாலும் காது பொய் சொல்லாது என்று ஊரில் ஒரு பகிடி இருந்தது.

விலை கூடிய செட்டில் பேச்சு துப்புரவாகக் கேட்டது, ஆனால் அடி, அந்தத் தாழ்ந்த தும்மென்ற அதிர்வு, கஞ்சத்தனமாக இருந்தது. மலிவுச் செட்டில் படத்துக் கதாநாயகன் தகர வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு கதைத்தான், பாட்டுக்காரி கீச்சிட்டாள். அதன் லட்சணத்துக்கு அடியும் ஓட்டைச் சட்டி மாதிரித்தான் இருக்கவேண்டும். இதுவோ உள்ளங்காலால் ஏறி வயிற்றுக்குள் போய் நின்றது.

பின்னேரம். விடாத மழை. ஜெயரூபி கிளினிக்குக்காகக் கிளிநொச்சிக்குப் போயிருந்தாள், பொழுதுபட வந்துவிடுவாள். ஹோலில் பாயைப் போட்டுக் குப்புறப் படுத்திருந்தாள் வினோஜா. கலியாணம் முடித்து நெடுங்காலம் கோயில் கோயிலாக ஏறி இறங்கியபின் பிறந்த ஒற்றைப் பிள்ளை. அவள் தும்மினாலே பாலனுக்கு நித்திரை வராது. அவளுக்கு ஏதும் என்றால் தான் இருக்கமாட்டேன் என்று அவன் வாய்விட்டே சொல்வதுண்டு.

பெட்டியைச் சோதிக்க அவனிடம் ஒரு முறை இருந்தது. படங்களில் குண்டு வெடிக்கிற காட்சியைப் போட்டுத்தான் மற்ற ஊர்க்காரர் அடியைப் பார்ப்பார்கள். யுத்தம் கண்ட வன்னியில் அதை யாரும் சத்தமாக வைப்பதில்லை. அதனால் தவிலின் தொப்பியில், அதன் கனத்த பக்கத்தில், தட்டிய மூன்று அடிகளைப் போனில் பதிந்து வைத்திருந்தான். தும், தும், தும். பிறகு வெறுமை. நல்ல பெட்டி அந்த இடத்தில் வாயை மூடும். கூடாத பெட்டி புறுபுறுத்துக்கொண்டிருக்கும்.

மலிவுப் பெட்டி வாயை மூடியது. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, திருப்பி மூன்று தரம் அடித்தது.

வயரில் ஏதோ கோளாறு என்று நினைத்தான். கழற்றி மாட்டி, மூலை மாற்றி வைத்து, ஒலியைக் குறைத்துக் கூட்டி, திரும்பத் திரும்ப அந்த மூன்று அடியையும் போட்டான். ஒவ்வொரு தரமும் மறுமொழி முந்தியதைவிடக் கிட்ட வந்தது. கடைசியில் வூபரின் பிளக்கையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மழை கூரையில் ஊற்றுகிற இரைச்சலுக்கு அடியில், குசினிக்குள் பிரிட்ஜ் முனகுகிறதற்கும் அடியில், மாபிள் தரைக்குள்ளிருந்து வந்தது. தும். தும். தும்.

"அப்பா, இன்னொருக்கா அடியுங்கோ," என்றாள் வினோஜா, காதைத் தரையில் ஒட்டியபடி. "கீழ சிரிக்கினம்."

அப்போதுதான் பக்கத்துக் காணி விமலேஸ்வரி அக்கா உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். எப்போதும் கதையைத் தொடங்கினால் முடிக்காத மனுசி, இன்றைக்கு உள்ளே வராமலே கேட்டார்.

"தம்பி, நீங்களோ உந்த மூண்டு அடி அடிக்கிறது?"

ஓம் என்றான்.

"அடிக்காதேங்கோ."

காணி வாங்கும்போது யாரும் சொல்லாததை மழைக்குள் நின்று சொன்னார். இந்த இடத்தில் முன்பு சிவனேஸ்வரி என்றொருத்தி புருசன் பிள்ளைகளோடு இருந்தாளாம். வீட்டடியில் பங்கர், பதுங்கு குழி. எறிகணை வந்து செல்லடி தொடங்கினால் அவள் பிள்ளைகளோடு உள்ளே இறங்கிவிடுவாள், புருசன் மேலே நின்று பார்ப்பான். ஓய்ந்ததும் மூன்று தரம் நிலத்தைக் காலால் குத்துவான். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவர்கள் வெளியே வருவார்கள். யுத்தத்தின் கடைசி நாட்களில் தண்ணீருக்குப் போன புருசன் திரும்பவில்லை. ஊர் முழுக்க வெளிக்கிட்ட அவசரத்தில் அவர்களும் வந்திருப்பார்கள் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

"திரும்பி வந்து பாத்தா பங்கர் மண்மூடிக் கிடந்தது," என்றார் அக்கா. "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கட வீட்டை வாங்கோ தம்பி."

ஜெயரூபி வரட்டும், வாறோம் என்று சொல்லி அவரை அனுப்பினான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சொல்லிப் பார்த்தான், மனம் கேட்கவில்லை. அத்திவாரம் வெட்டுமுன் இந்த இடம் சட்டி மாதிரிப் பதிந்து கிடந்ததும், கிறவல் மண் பறித்து அதைத் தானே நிரவியதும் ஞாபகம் வந்தது. கிறவல் எவ்வளவு கொட்டியும் அது உள்ளே இறங்கிக்கொண்டே போனது.

ஹோலுக்குள் வெளிச்சம் மங்கியிருந்தது. கிணறு இறைக்கும்போது அடியிலிருந்து வரும் சேற்று மணம் கதிரைகளுக்கு இடையில் பரவி நின்றது.

"அப்பா, முடிஞ்சுதோ எண்டு கேக்கினம்."

"ஆரம்மா?"

"இவை."

பாயைச் சுற்றி நின்றார்கள்.

ஒரு பெண். சேலை என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று, மண்ணோடு ஒட்டி. இடுப்பில் ஒரு குழந்தை. பின்னால் சின்னவர்கள். முகங்கள் இல்லை என்றில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்திலும் மண். எல்லாருமே வாசலைப் பார்த்து நின்றார்கள், வெளிச்சத்துக்குப் பழகாதவர்கள் பார்ப்பது போல. வினோஜா அவர்களுக்கு நடுவில் எழுந்து இருந்தாள்.

பாலனின் கால் அசையவில்லை. கை மட்டும் அசைந்தது. கையில் வூபரின் பிளக் இன்னும் இருந்தது.

மூன்று அடி கேட்டால் வருகிறவர்கள், செல் விழுந்தால் உள்ளே போவார்கள். அவ்வளவுதான் அவனுக்கு ஓடியது. செருகினான். ரீவியில் பாதியில் நின்ற படத்தை ஓட்டினான். இதுவரை யார் வீட்டிலும் போடாத, குண்டு வெடிக்கிற காட்சியைப் போட்டான். ஒலியை உச்சத்துக்கு ஏற்றினான்.

வீடு அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி குலுங்கியது. வெடி. இன்னொரு வெடி.

அவர்கள் குனிந்தார்கள். ஓடினார்கள்.

செல்லடிக்குள் ஓடுகிறவர்கள் கிட்ட நிற்கிற பிள்ளையை வாரிக்கொண்டுதான் ஓடுவார்கள். யார் பெற்ற பிள்ளை என்று பார்க்கிற நேரம் அல்ல அது. பாலனையும் சின்ன வயதில் அப்படித்தான் ஒருத்தி வாரிக்கொண்டு ஓடிக் காப்பாற்றினாள், இன்றைக்கும் அவள் பெயர் தெரியாது. அப்படி வாரிக்கொண்டு ஓடுவார்கள் என்பதை அந்த நேரம் மறந்துபோனான்.

பெண்ணின் மற்றக் கை நீண்டது. வினோஜாவின் இடுப்பைச் சுற்றியது.

"அப்பா."

பாய் வெறுமையாகக் கிடந்தது.

எல்லாவற்றையும் நிறுத்தினான். தரையில் ஒரு வெடிப்பு இல்லை. மாபிளை நகத்தால் பிராண்டினான். காதை வைத்தான். கீழே ஒன்றும் இல்லை, மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிற கனமான மௌனம் மட்டும். செல்லடிக்குள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மௌனம் அது.

எழுந்து குதிக்காலால் குத்தினான். மூன்று தரம்.

காத்திருந்தான்.

மறுபடி மூன்று தரம். "வினோ, முடிஞ்சுது அம்மா. மேல வாங்கோ. அப்பா நிக்கிறன்."

வந்தார்கள். சின்னவர்கள் மட்டும். வரிசையாக. எல்லாம் ஒரே உயரம். தலையிலிருந்து கால்வரை ஒரே மண். செல்லடிக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே காதுகளுக்குள் விரல், வாய் ஆவென்று திறந்தபடி. முதல் பிள்ளையின் முகத்தை உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்தான். மண்ணுக்குக் கீழே மண். அடுத்த பிள்ளை. மண். அழுதுகொண்டே துடைத்தான். அடுத்தது.

வெளியே ஓட்டோ வந்து நின்றது. படலை திறந்தது. குடையை உதறிக்கொண்டு ஜெயரூபி வழக்கம்போல முற்றத்திலிருந்தே கூப்பிட்டாள்.

"வினோக்குட்டி, அம்மா வந்திட்டன்."

அத்தனை பிள்ளைகளும் காதிலிருந்து விரலை எடுத்தார்கள். வாசல் பக்கம் திரும்பினார்கள்.

"அம்மா" என்றார்கள். எல்லார் வாயிலும் வினோஜாவின் குரல்.