காயாத தளம்

டார்லா பென்னர் பிளாஸ்டிக் தாளை உரித்தபோது அதன் அடியில் நீர்த்துளிகள் இல்லை. எச்சில் இருந்தது.

பல்கலைக்கழகத்தின் புது மாணவர் கூடம். கனடாவின் வின்னிபெக் நகரத்துப் பனியில் போட்ட கான்கிரீட் தளம் காய்ந்ததா என்று பார்க்க, முந்தின நாள் தாளை நாலு புறமும் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். ஈரம் இருந்தால் தாள் வியர்க்கும். இருபது வருடமாகத் தரை போடுகிறவள், வியர்த்த தாள்கள் எத்தனையோ பார்த்தவள்தான். ஆனால் இப்படிக் கொழகொழவென்று நூல் விட்டு, விரலிடுக்கில் வழிந்து, புளித்த பாலும் நனைந்த நாயும் சேர்ந்தாற்போல் நாறுகிற ஈரத்தை இப்போதுதான் பார்க்கிறாள். அதுவும் வெதுவெதுப்பாக.

சைட் மேனேஜர் வேய்ன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"குளிர்ல போட்ட தளம் வேர்க்கத்தான் செய்யும் டார்லா. ஹீட்டர் பக்கமா ஒட்டு, காஞ்சிருக்கும். இல்ல, வியாழக்கிழமை திறப்பு விழாவ உனக்காகத் தள்ளி வைக்கவா?"

தள்ளிப்போனால் அடுத்த வேலை அவளுக்கு இல்லை. அதே பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கும் மகள் ஜோலின் வேறு, 'எங்கம்மா போடற தரை' என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். டார்லா தாளை ஹீட்டர் பக்கம் ஒட்டினாள். மறுநாள் காய்ந்திருந்தது. தரை காய்ந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கார்ப்பெட் ஒட்டினார்கள். மூன்று முறை சோப்புப் போட்டும் விரல் நாற்றம் போகவில்லை. சாண்ட்விச்சைக் கடித்தால் அதிலும் அதே புளிப்பு.

வியாழன், பன்னிரண்டு மணித் திறப்பு விழாவுக்கு இன்னும் ஐந்து நிமிடம். பின்வாசலில் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஜோலின் போனில் கூப்பிட்டாள்.

"சீக்கிரமே திறந்துட்டாங்கம்மா. பீட்சா சாப்பிட்டு எல்லாரும் கீழயே படுத்துக் கெடக்கோம். தரைய என்ன இவ்ளோ சூடா வச்சிருக்கே?"

தரைக்கு அடியில் சூடேற்றும் குழாய் எதுவும் கிடையாது.

"எந்திரிடி. வெளிய வா."

சிரிப்புச் சத்தம். பிறகு, "சாக்ஸ் ஒட்டிக்கிச்சும்மா."

பிறகு ஓர் உறிஞ்சல். சூப்பின் கடைசி மடக்கை உறிஞ்சுவதுபோல.

டார்லா முன்வாசலுக்கு ஓடினாள்.

உள்ளே நுழைந்ததும் பூட்ஸ்கள். யார் வீட்டுக்குப் போனாலும் கழற்றி வைக்கிற அதே மரியாதையோடு, வரிசை வரிசையாக. கோடியில் ஜோலினின் மஞ்சள் ஜோடி. குதிகாலில் பனி இன்னும் முழுசாக உருகவில்லை.

கூடத்தில் யாரும் இல்லை.

திறந்த பீட்சா பெட்டிகள். புளித்த பால் நாற்றம். நடுவில் கார்ப்பெட் உப்பியிருந்தது. தின்ற வயிறு மாதிரி. ஏறியது. இறங்கியது. இரண்டு விரிப்புகள் சேரும் இடுக்கில் ஒரு கோடுபோட்ட சாக்ஸ். காலோடு. மெல்ல மெல்ல உள்ளே போனது.

மடக்கென்று ஒரு சத்தம். ஈரமான ஏப்பம்.

பின்னால் கதவு திறந்தது. குளிர்காற்று. கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருந்த, தரை காய்ந்ததென்று அவள் கையெழுத்துப் போட்ட காகிதம் படபடத்தது.

"ஆரம்பிச்சுட்டாங்களா? பீட்சா மிச்சம் இருக்கா?"

பத்துப் பன்னிரண்டு மாணவர்கள். கத்த வாய் திறந்தாள். நாக்கு அசையவில்லை. வாய் முழுக்கப் புளிப்பு.

அவர்கள் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். கார்ப்பெட்டின் ஓரம் நனைந்து, சுருண்டு எழுந்து, வாசல்படியை ஒருமுறை நக்கிப் பார்த்தது.