சுவரில் மிஞ்சிய வெள்ளை

ஒரு மனுஷியின் நிம்மதியான தூக்கத்துக்கு நம் நத்தைக்காரர் போட்ட விலை கிலோவுக்கு நாற்பது. அடுத்த மழைக்கு அதையே அறுபது ஆக்கினார். பேரம் படிவதற்குள் அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது அவள் வீட்டை வாங்கியவர், குடிவருவதற்கு முன் நத்தையைச் சுத்தம் செய்யச் சொல்லிச் சாவி கொடுத்தனுப்பியிருந்தார். மைத்துனனைக் கூட்டிக்கொண்டு பட்டப்பகலில்தான் போனார் நத்தைக்காரர்.

"செத்த பிறகும் உங்களுக்கு வாடிக்கைதான் மாமா அந்தம்மா," என்றான் மைத்துனன், பூட்டைத் திறந்தபடி.

"வாயக் கழுவுடா. சாக்கைப் பிரி."

எந்தக் காலத்திலோ எந்தக் கப்பலிலோ சரக்கோடு வந்து இறங்கிய நத்தை அது. உள்ளங்கை கொள்ளாது. அதைத் தின்ன இங்கே எந்தப் பிராணிக்கும் தெரியவில்லை. அதற்கோ எல்லாவற்றையும் தின்னத் தெரிந்திருந்தது. செடி தீர்ந்தால் சுவர். ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டுமே, அடித்த வெள்ளையை அரம்போல் ராவிவிடும். பொறுக்கி, எடை போட்டு, உப்புத்தண்ணீரில் முக்கிக் கொல்வது இவர் தொழில்.

தொழிலில் ஒரு சூட்சுமமும் வைத்திருந்தார். எந்தத் தோட்டத்தையும் முழுசாகத் துடைக்கமாட்டார். ஏதாவது ஒரு கல்லுக்கடியில் ஒரு குழி முட்டையைப் பார்க்காததுபோல் மண் தள்ளி மூடிவிட்டு வருவார். அடுத்த மழைக்கு அதே வீட்டிலிருந்து போன் வரும். "வித்து விட்டுட்டு வர்றேன்" என்று மைத்துனனிடம் கண்ணடிப்பார்.

இந்த வீட்டில் தனியாக இருந்த தையல்காரம்மா, "தம்பி, ஒண்ணு விடாம எடுத்துருங்க. ராத்திரியெல்லாம் சுவத்தச் சுரண்டுது, கண்ண மூட முடியல" என்று கெஞ்சியும், கிணற்றடிக் கல்லுக்குக் கீழே வித்து விட்டார். மறு மழைக்கு மூன்று தடவை போன் செய்தாள். இவர் அறுபதிலேயே நின்றார்; அவள் ஐம்பதைத் தாண்டவில்லை. கிடக்கட்டும், தானாக வழிக்கு வருவாள் என்று விட்டார்.

அப்புறம் போன் வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போயிருந்தாளாம். கண் மூடவில்லையாம்.

கதவு திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. கூடத்தில் தையல் மிஷின். ஜன்னலைத் திறந்தார்கள்.

நான்கு சுவரும் செங்கல் தெரிய மழிக்கப்பட்டுக் கிடந்தன.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெள்ளை. தலை, தோள், ஒடுங்கிய முதுகு.

"யாரு மாமா இத வரைஞ்சது?"

"வரையலடா." அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். "அந்தம்மா சாஞ்சிருந்த இடம். அத விட்டுட்டு மத்ததெல்லாம் தின்னுருக்கு."

தோட்டம் முழுக்கத் தேடினார்கள். கிணற்றடிக் கல்லைப் புரட்டினார்கள். ஓடுகள்தான், எல்லாம் வெற்று ஓடுகள். உயிரோடு ஒன்றுகூட இல்லை.

உள்ளே சத்தம் கேட்டது.

சரக்... சரக்... சரக்...

"மாமா, போயிரலாம்," என்று கிசுகிசுத்தான் மைத்துனன்.

சத்தம் அந்த வெள்ளையிலிருந்துதான் வந்தது. அதன்மேல் நத்தை எதுவும் இல்லை. நத்தைக்காரர் வாழ்நாளில் முதல் தடவையாக, கேட்காமலே விலை இறங்கினார்.

"அம்மா... இந்தத் தடவை காசு வேணாம். சும்மாவே எடுத்துத் தர்றேன். ஒண்ணு விடமாட்டேன்."

சத்தம் நின்றது. சொன்ன விலையை யோசிப்பதுபோல.

பிறகு மறுபடி தொடங்கியது.

எதையும் எடுக்காமல், தூறத் தொடங்கிய மழையில் ஓடிவந்தார்கள். மைத்துனன் பாதி வழியில் கழன்றுகொண்டான். தன் வீட்டுத் தெருமுனையிலேயே நத்தைக்காரர் செருப்பை உப்பில் புரட்டினார். சட்டையை வெளியிலேயே கழற்றிப் போட்டார். சாக்கை உதறி உதறிப் பார்த்தார். ஒரு முட்டைகூட ஒட்டி வரக்கூடாது. வீட்டுக்குள்ளே மனைவி இருந்தாள்; கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து இப்போதுதான் ஏழு மாதம். வரப்போகிற பிள்ளைக்காக அவரே வெள்ளையடித்த அறையில், இடுப்பு வலிக்கு இதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கோலம் இது? எவன்கிட்ட பேரம் பேசித் தோத்துட்டு வர்றீங்க, சட்டைகூட இல்லாம?"

அவர் சிரிக்கவில்லை. "எந்திரி. வா, உங்கம்மா வீட்டுக்குப் போயிரலாம்."

"இந்த மழையிலயா? அட இருங்க. பொழுதுக்கும் உதைக்குது உங்க பிள்ளை. வயித்துல உதைச்சாச் சரி, முதுகுக்குப் பின்னாலேயே ஒரே சுரண்டலா இருக்கு."

கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவள் முந்தானையிலிருந்து சுண்ணாம்புத்தூள் பொலபொலவென்று உதிர்ந்தது.

சுவர் செங்கல்வரை மழிக்கப்பட்டிருந்தது. நடுவில் அவளளவு வெள்ளை. வயிற்றுப்பிள்ளைக்காரியின் அகன்ற இடுப்பு அப்படியே தெரிந்தது.

அதை ஒட்டி, தோளோடு தோள் உரச, ஒடுங்கிய முதுகோடு இன்னொன்று.

"ஏங்க," என்றாள் மனைவி மெல்ல, "நான் தனியாத்தானே உக்காந்திருந்தேன்?"

அவர் உதடு பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டது. உட்கார்ந்திருந்தது ஒருத்தி. சுவரில் இரண்டு. எத்தனை முறை எண்ணினாலும் ஒன்று கூடுதலாகவே வந்தது.

சரக்... சரக்...